பட்டனுக்கு எட்டாத ஸ்பிரிங்: எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷன் வந்த கதை

இந்த எபிசோடை ஒரு சின்ன அவமானத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏலகிரி அடிவாரம். ஃப்ரெண்ட் ஒருத்தன் அவனோட 1000 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் சாவியை என் கையில கொடுத்து "மேல வரைக்கும் நீ ஓட்டு" என்றான். எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷன் உள்ள வண்டி. நான் அதுவரைக்கும் தொட்டதுகூட இல்ல.

மூணாவது கொண்டை ஊசி வளைவு தாண்டினதுமே ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சுது. ரோட்ல சின்ன பள்ளம் வந்தா பின் சக்கரம் தரையை விட்டு ஒரு நொடி விலகின மாதிரி இருந்தது. ஹேண்டில்பார் தேவைக்கு மேல துறுதுறுன்னு திரும்புது. சரி, மோட் தப்பா இருக்கும்னு ஓரங்கட்டி 'ஸ்போர்ட்'ல இருந்து 'ரோட்' மாத்தினேன். கொஞ்சம் மெத்துனு ஆச்சு, ஆனா பிரச்சினை போகல. மறுபடி நிறுத்தி 'ரெயின்'. அப்பவும் போகல. நான் சாஃப்ட்வேர் எழுதுற ஆளு. மெனுல இல்லாத தீர்வு உலகத்துலயே இல்லைன்னு நம்புற ஜாதி. 14 வளைவும் முடியுறதுக்குள்ள அந்த மெனுவோட ஒவ்வொரு மூலையையும் பார்த்துட்டேன்.

மேல போனதும் அவன் கேட்டது ஒரே கேள்வி: "உன் எடை என்னடா?"

"62."

"நான் 92." சொல்லிட்டு பையில இருந்து ஒரு சி-ஸ்பேனரும் டேப்பும் எடுத்தான். பின் ஷாக் அப்சார்பர் மேல இருக்கற வளையத்தை ரெண்டரை சுத்து தளர்த்தினான். அவ்வளவுதான். இறங்கும்போது வேற வண்டி ஓட்டின மாதிரி இருந்தது.

லட்சக்கணக்குல விலை, சென்சார், கன்ட்ரோல் யூனிட், கலர் ஸ்க்ரீன். கடைசியில வேலை செஞ்சது ஒரு ஸ்பேனர். இது எப்படின்னு தேடப் போய்த்தான் இந்த எபிசோடுக்கான வரலாறு கிடைச்சது.

முதல்ல, ரெண்டு வேலை

சஸ்பென்ஷன்ல ரெண்டு பேர் வேலை செய்யறாங்க. ஸ்பிரிங் வண்டியையும் நம்மையும் தாங்குது. டேம்பர், அதாவது எண்ணெய் நிரம்பின குழாய்க்குள்ள சின்ன ஓட்டைகள் வழியா நகர்ற பிஸ்டன், அந்த ஸ்பிரிங் குதிக்கற வேகத்தைக் கட்டுப்படுத்துது. ஸ்பிரிங் எவ்வளவு தூரம் அமுங்கணும்னு முடிவு பண்ணும். எவ்வளவு வேகமா அமுங்கணும், எவ்வளவு வேகமா திரும்ப எழணும்னு டேம்பர் முடிவு பண்ணும். அமுங்கறதைக் கட்டுப்படுத்தறது கம்ப்ரஷன், எழறதைக் கட்டுப்படுத்தறது ரீபவுண்ட்.

இந்த வேலைப் பிரிவினையை மனசுல வச்சுக்கோங்க. மொத்தக் கதையும் இதுலதான் நிக்குது.

மோட்டார் சைக்கிள்ல எண்ணெய் டேம்பிங் உள்ள டெலஸ்கோபிக் ஃபோர்க்கை பெரிய அளவுல தயாரிச்சு வித்தது பி.எம்.டபிள்யூ, 1935-ல், ஆர் 12, ஆர் 17 மாடல்கள்ல. அதுக்கப்புறம் பல பத்தாண்டுகள் மெக்கானிக்கல் முன்னேற்றம்தான். 1980-கள், 90-கள்ல ஸ்போர்ட்ஸ் பைக்குகள்ல திருகுகள் வந்தன. முன்னாடி கம்ப்ரஷன், ரீபவுண்ட். பின்னாடி கம்ப்ரஷன், ரீபவுண்ட். ரெண்டு பக்கமும் ப்ரீலோட் வேற.

நாலு டேம்பிங் திருகு, ஒவ்வொண்ணுலயும் 20 கிளிக்னு வச்சுக்கோங்க. மொத்தம் 1,60,000 சேர்க்கைகள். ஒரு ஸ்க்ரூடிரைவரோட ஒரு சாதாரண ஆள் இதுல எங்க போய் தேடறது? ரேஸ் டீம்ல இதுக்குன்னே ஆள் இருப்பாங்க. ரோட்ல ஓட்டறவங்க பெரும்பாலும் கம்பெனியில இருந்து வந்தபடியே விட்டுட்டாங்க. சிலர் திருகிப் பார்த்து, குழம்பி, பழைய இடம் எதுன்னு மறந்தே போனாங்க. வெர்ஷன் கன்ட்ரோல் இல்லாம ப்ரொடக்ஷன்ல கை வச்ச கதைதான்.

வானத்துல ஒரு கொக்கி

எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷனோட மூளை பிறந்தது பைக் கம்பெனியில இல்ல, ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில. 1974-ல் டீன் கார்னாப் என்ற அமெரிக்கப் பேராசிரியரும், கிராஸ்பி, ஹார்வுட் என்ற ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினது. தலைப்புல சொன்ன விஷயம், 'செமி ஆக்டிவ்' விசையால அதிர்வைக் கட்டுப்படுத்தறது.

யோசனை ரொம்ப அழகானது. வண்டியோட உடம்பு குலுங்காம இருக்கணும். அதுக்கு மிகச்சிறந்த வழி என்ன? வானத்துல அசையாத ஒரு கொக்கி அடிச்சு, அதுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு டேம்பரை மாட்டறது. கீழ சக்கரம் எப்படி ஆடினாலும் உடம்பு அமைதியா மிதக்கும். இதுக்குப் பேரே 'ஸ்கைஹூக்'.

வானத்துல கொக்கி அடிக்க முடியாது. ஆனா சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கற சாதாரண டேம்பரையே நேரம் பார்த்து இறுக்கி, நேரம் பார்த்து தளர்த்தினா, கிட்டத்தட்ட அந்தக் கொக்கி இருக்கற மாதிரி நடிக்க வைக்கலாம். விதி இதுதான். உடம்பு மேல எழும்புது, அதே நேரம் சஸ்பென்ஷன் விரியுது: டேம்பர் உடம்பைக் கீழ இழுக்கும், நமக்கு நல்லது, இறுக்கு. உடம்பு மேல எழும்புது, ஆனா சஸ்பென்ஷன் அமுங்குது: இப்போ டேம்பர் உடம்பை இன்னும் மேல தள்ளும், கெட்டது, தளர்த்து. கோடு எழுதறவங்களுக்குப் புரியும். ஒரே ஒரு இஃப் கண்டிஷன். ரெண்டு வேகத்தைப் பெருக்கு. விடை பாசிட்டிவ்னா இறுக்கு, நெகட்டிவ்னா விடு.

இதுல இருக்கற பொருளாதாரம் முக்கியம். செமி ஆக்டிவ் சிஸ்டம் வண்டியைத் தானா தூக்கறதில்ல. குதிக்கற சக்தியை எவ்வளவு உறிஞ்சணும்னு மட்டும் தீர்மானிக்குது. வால்வைத் திறந்து மூட ஆகற மின்சாரம் போதும். வண்டியைத் தூக்கவும் இறக்கவும் செய்யற முழு 'ஆக்டிவ்' சிஸ்டத்துக்கு பம்ப் வேணும், எஞ்சின் சக்தி வேணும், எடை கூடும்.

கார்கள் காட்டின ரெண்டு பாதை

அந்த ரெண்டு பாதையையும் கார்கள் 1983-லயே ஆரம்பிச்சுட்டாங்க. ஜப்பான்ல டொயோட்டா சோவாரர் காரோட டேம்பிங்கை எலெக்ட்ரானிக்ஸ் மாத்துச்சு. அதே வருஷம் ஃபார்முலா 1-ல் லோட்டஸ் 92 காரை ஆக்டிவ் சஸ்பென்ஷனோட நைஜல் மான்செல் ஓட்டினார். கனம், சிக்கல், சரிப்படல. ஒதுக்கி வச்சாங்க.

1987-ல் லோட்டஸ் 99டி காரோட திரும்ப வந்தாங்க. அயர்டன் சென்னா அதுல ரெண்டு ரேஸ் ஜெயிச்சார்: மொனாக்கோ, டெட்ராய்ட். ரெண்டும் ரேஸுக்காகக் கட்டின டிராக் இல்ல. ஊருக்குள்ள, பஸ்ஸும் லாரியும் ஓடற தெருக்கள். மேடு, பள்ளம், வெள்ளைக் கோடு எல்லாம் உள்ள ரோடு. வழவழப்பான டிராக்கை விட மோசமான தெருவுலதான் புத்திசாலி சஸ்பென்ஷனுக்கு வேலை அதிகம்னு அப்பவே ஒரு சாடை தெரிஞ்சுது.

1992-ல் வில்லியம்ஸ் எஃப்.டபிள்யூ. 14பி காரோட அதே மான்செல் 9 ரேஸ் ஜெயிச்சு சாம்பியன் ஆனார். 1994 சீசன்ல இருந்து ஆக்டிவ் சஸ்பென்ஷனுக்குத் தடை. அந்தக் கதவு மூடியாச்சு.

பைக்குக்கு ஏன் இவ்வளவு லேட்?

காருக்கு 1983. ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு செமி ஆக்டிவ் வந்தது 2012. 29 வருஷம். ஏன்?

பைக்ல பம்புக்கும் எடைக்கும் இடம் இல்ல, அதனால முழு ஆக்டிவ் பாதை ஆரம்பத்துலயே அடைபட்டுது. வால்வும் கன்ட்ரோல் யூனிட்டும் சின்னதா, வேகமா ஆகணும். இன்னொரு காரணம் இதை விட ஆழமானது. கார்ல முன்பக்கம் கொஞ்சம் அமுங்கினா பெருசா ஒண்ணும் ஆகாது. பைக்ல பிரேக் பிடிச்சு ஃபோர்க் அமுங்கினா, ஃபோர்க்கோட சாய்வுக் கோணமே மாறுது; வண்டி திரும்பற குணமே மாறுது. வளைவுல சாஞ்சிருக்கும்போது சஸ்பென்ஷனும் சேர்ந்து சாஞ்சிருக்கும், ரோட்டு மேடு நேர்க்கோட்டுல வராது. அதாவது பைக்ல டேம்பிங்கை மாத்தறது சொகுசை மட்டும் மாத்தறதில்ல, ஸ்டீரிங்கையும் தொடுது. வண்டி எவ்வளவு சாஞ்சிருக்குன்னு தெரியாத கம்ப்யூட்டர் கையில அதைக் கொடுக்க முடியாது.

அதனால முதல் படி ரொம்ப அடக்கமா இருந்தது. 2004-ல் பி.எம்.டபிள்யூ கே 1200 எஸ் பைக்கில் 'இ.எஸ்.ஏ.' வந்தது. சென்சார் பார்த்துத் தானா மாத்தற வேலையே கிடையாது. திருகுகளை ஸ்க்ரூடிரைவருக்குப் பதிலா மோட்டார் திருப்பும். நீங்க பட்டன் அழுத்தணும், அவ்வளவுதான்.

ஆனா என்னைக் கேட்டா உண்மையான புரட்சி அந்தப் பட்டனோட வந்த படங்கள்லதான். 'ரீபவுண்ட் 12 கிளிக்'னு எழுதல. ஒரு ஹெல்மெட், ஹெல்மெட்டோட பெட்டி, ரெண்டு ஹெல்மெட். கூடவே கம்ஃபர்ட், நார்மல், ஸ்போர்ட். மூணு சுமை, மூணு டேம்பிங், மொத்தம் 9 சேர்க்கை. 1,60,000-ல் இருந்து 9-க்கு வந்தாச்சு. மெக்கானிக் பாஷையில இருந்த விஷயத்தை முதல் தடவையா ஓட்டறவன் பாஷைக்கு மாத்தினாங்க. எங்க தொழில்ல இதுக்குப் பேர் நல்ல இன்டர்ஃபேஸ்.

கவனிங்க, டேம்பிங்கை ஓடும்போதே மாத்தலாம். சுமைக்கான ப்ரீலோடை வண்டி நின்னாத்தான் மாத்த முடியும். ஸ்பிரிங்கை அழுத்தறதுக்கு அதிக பலம் வேணும். அந்தச் சின்ன மோட்டாருக்கு அது கனமான வேலை. ஸ்பிரிங்குக்கும் டேம்பருக்கும் நடுவுல இருக்கற அந்தக் கோடு அன்னைக்கே தெரிஞ்சுது.

2010-ல் டுகாட்டி மல்டிஸ்ட்ராடா 1200 எஸ், ஓஹ்லின்ஸ் சஸ்பென்ஷனோட அதே யோசனையை இன்னும் தள்ளினாங்க. ஸ்போர்ட், டூரிங், அர்பன், எண்டியூரோ. ஒரு மோட் மாத்தினா எஞ்சின் குணமும் சஸ்பென்ஷனும் சேர்ந்தே மாறும்.

2012: கம்ப்யூட்டரே முடிவு எடுக்க ஆரம்பிச்ச வருஷம்

அந்த வருஷம் ரெண்டு அறிவிப்பு வந்தது. பி.எம்.டபிள்யூ ஹெச்.பி.4 என்ற சூப்பர்பைக்கில் 'டைனமிக் டேம்பிங் கன்ட்ரோல்'. டுகாட்டியோட 2013 மல்டிஸ்ட்ராடாவில் ஸாக்ஸ் கம்பெனி செஞ்ச சிஸ்டம். பேரே 'ஸ்கைஹூக் சஸ்பென்ஷன்'. கார்னாப் எழுதி 38 வருஷம் கழிச்சு அவர் கொக்கி ஒரு பைக்கோட சஸ்பென்ஷனுக்கே பேரா வந்து ஒட்டிக்கிச்சு.

இப்போ மோட்டார் திருகைத் திருப்பிட்டு சும்மா இருக்கறதில்ல. சென்சார்கள் அசைவைப் படிக்கும், வால்வுகள் மில்லி செகண்டுகள்ல மாறும். பிரேக் பிடிச்சா முன்பக்கம் இறுகும், நேர் ரோட்ல தளரும். மோட் என்பது இப்போ ஒரு நிலையான எண் இல்ல, ஒரு கொள்கை.

2015-ல் யமஹா ஆர்1எம், டுகாட்டி 1299 பனிகாலே எஸ் ரெண்டுலயும் ஓஹ்லின்ஸோட செமி ஆக்டிவ். 2017-ல் ஹோண்டா சி.பி.ஆர். 1000 ஆர்.ஆர். எஸ்.பி. 2018-ல் பனிகாலே வி4 எஸ் வந்தப்போ இன்டர்ஃபேஸ்ல இன்னொரு தாவல். கம்ப்ரஷன், ரீபவுண்ட் என்ற சொல்லையே ஒதுக்கி வச்சுட்டு, பிரேக் பிடிக்கும்போது எவ்வளவு தாங்கணும், வேகம் எடுக்கும்போது எவ்வளவு தாங்கணும்னு கேட்டாங்க. நீங்க விளைவைச் சொல்லுங்க, திருகை நாங்க பார்த்துக்கறோம்.

இதுல ஒரு முரண் இருக்கு. மோட்டோ ஜி.பி. விதிகள்ல எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷனுக்குத் தடை. உலகத்தோட உச்ச ரேஸ் பைக்ல கையால திருகற சஸ்பென்ஷன். ஷோரூம்ல வாங்கி ஆபீஸுக்கு ஓட்டற பைக்ல கம்ப்யூட்டர். யோசிச்சா இது நியாயமாத்தான் படுது. ரேஸரோட வார இறுதி முழுக்க அதே டிராக், அதே வளைவு, பக்கத்துலயே எஞ்சினியர். அவருக்குத் தேவை, ஒவ்வொரு சுத்துலயும் வண்டி ஒரே மாதிரி நடந்துக்கணும். நமக்கு அடுத்த வளைவுக்கு அப்பால ஜல்லியா, ஸ்பீட் பிரேக்கரான்னே தெரியாது. தெரியாத ரோட்டுக்குத்தான் மாறிக்கிட்டே இருக்கற டேம்பர் வேணும். சென்னா அந்த ரெண்டு தெருக்கள்ல ஜெயிச்சது சும்மா இல்ல.

இப்போ ஏலகிரிக்குத் திரும்பலாம்

இத்தனை பைக்கும் மாத்தினது எதை? டேம்பிங்கை. ஹெச்.பி.4-ல் ப்ரீலோட் கையாலதான். பனிகாலே வி4 எஸ்-லயும் கையாலதான். மல்டிஸ்ட்ராடா வி4 எஸ் மாதிரி சில டூரிங், அட்வென்ச்சர் பைக்குகள் சுமைக்குத் தகுந்த மாதிரி ப்ரீலோடை மோட்டார் வச்சுத் தானா சரி பண்ணுது. ஸ்போர்ட்ஸ் பைக்குகள்ல எடை கூடக் கூடாதுன்னு அந்த வளையத்தை ஸ்பேனருக்கே விட்டுட்டாங்க.

நான் ஓட்டின வண்டி 92 கிலோ ஆளுக்கு அளந்து வச்சது. 62 கிலோ ஏறி உட்கார்ந்தப்போ பின்பக்கம் போதுமான அளவு அமுங்கவே இல்ல. சஸ்பென்ஷன் மேல்நோக்கி அமுங்கினா மட்டும் போதாது. பள்ளம் வந்தா சக்கரம் கீழ நீண்டு தரையைத் தொடணும். அந்த நீளம் என் எடைக்குக் கிடைக்கல, அதான் சக்கரம் விலகுச்சு. பின்பக்கம் உயர்ந்து நின்னதால முன் ஃபோர்க்கோட சாய்வு குறைஞ்சு ஹேண்டில்பார் துறுதுறுன்னு இருந்தது. இதை எந்த மோடும் சரி பண்ணாது. டேம்பர் வேகத்தைத்தான் மாத்தும், வண்டி நிக்கற உயரத்தை மாத்தாது. இன்புட்டே தப்பு, அல்காரிதம் என்ன பண்ணும்?

இங்க ஒரு பொதுவான தப்பு எண்ணத்தையும் சொல்லிடறேன். ப்ரீலோட் கூட்டினா ஸ்பிரிங் கடினமாகும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. ஆகாது. ஸ்பிரிங்கோட கடினம் அந்தக் கம்பியில இருக்கு. ப்ரீலோட் மாத்தறது வண்டி நிக்கற உயரத்தைத்தான்.

அதனால எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷன் வண்டி வாங்கறவங்க, ஃப்ரெண்டோடது ஓட்டறவங்க, மெனுவைத் திறக்கறதுக்கு முன்னாடி இந்த வரிசையில போங்க.

முதல்ல டயர் குளிரா இருக்கும்போது காற்றழுத்தம். அது தப்பா இருந்தா மத்த எதையும் நம்ப முடியாது.

அடுத்தது 'ஸாக்', அதாவது நம்ம எடைக்கு சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குதுன்னு அளக்கறது. மூணு பேர் வேணும்: ஒருத்தர் வண்டியைப் பிடிக்க, ஒருத்தர் அளக்க, நீங்க உட்கார. பின் சக்கரத்தைத் தரையில இருந்து தூக்கி, ஆக்ஸில்ல இருந்து நேர் மேல இருக்கற ஒரு புள்ளி வரைக்கும் அளங்க. அப்புறம் ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட்டோட வழக்கமா ஓட்டற மாதிரி உட்கார்ந்து, அதே தூரத்தை அளங்க. வித்தியாசம்தான் ஸாக். ரோட்டுக்கு 30-லிருந்து 40 மில்லிமீட்டர், முன்னாடியும் கிட்டத்தட்ட அதேதான். என் எடைக்கு அந்த வண்டியில பின்னாடி 22 இருந்தது. ரெண்டரை சுத்து தளர்த்தினதும் 30 பக்கம் வந்தது. ப்ரீலோடை முழுக்க மாத்தியும் அந்த எல்லைக்குள்ள வரலைன்னா உங்க எடைக்கு ஸ்பிரிங்கையே மாத்தணும்னு அர்த்தம்.

அதுக்கப்புறம்தான் மெனு. ரோட்டுக்கு ரோட் மோட்ல ஆரம்பிங்க. 'ரேஸ்' என்ற பேர் காதுக்கு நல்லா இருக்கும். அது வழவழப்பான டிராக்கை மனசுல வச்சு எழுதின கொள்கை. ஒரே ரோட்ல, ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க, போன்ல குறிச்சு வைங்க. ஒவ்வொரு மேடும் தனித்தனியா முதுகுல குத்துதுன்னா இறுக்கம் அதிகம், தளர்த்துங்க. முதல் மேட்டைத் தாங்கிட்டு, அடுத்தடுத்த மேடுகள்ல போகப் போக கல்லு மாதிரி ஆகுதுன்னா ரீபவுண்ட் இறுக்கம். எழறதுக்குள்ள அடுத்த அடி விழுது. ஒரு மேடு தாண்டினதும் ரெண்டு மூணு தடவை ஊஞ்சல் மாதிரி ஆடினா ரீபவுண்ட் போதல.

உள்ள இருக்கறது இன்னும் எண்ணெய்தான், மறந்துடாதீங்க. எண்ணெய் பழசானா எந்த அப்டேட்டும் அதைப் புதுசாக்காது. சர்வீஸ் அட்டவணைப்படி மாத்துங்க.

இந்தக் கதையில எனக்குப் பிடிச்சது, கார்னாப்பில் இருந்து பனிகாலே வரைக்கும் எல்லாரும் நமக்காக ஒரு சுமையைக் குறைச்சிருக்காங்க. 1,60,000 சேர்க்கைகளைத் தேடற வேலை இனி நம்மோடது இல்ல. அந்த மெஷினுக்குத் தெரியாத ஒண்ணே ஒண்ணு, மேல உட்கார்ந்திருக்கற ஆள் யாருங்கறது. அதைச் சொல்ல வேண்டியது நாமதான். ஒரு டேப், ஒரு ஸ்பேனர், அரை மணி நேரம்.

என் ஃப்ரெண்ட் அன்னைக்கு அடிவாரத்துல திரும்ப அந்த வளையத்தை ரெண்டரை சுத்து இறுக்கிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினான். நான் மறுநாளே என் சின்ன பைக்கோட ஸாக் அளந்தேன். வாங்கி நாலு வருஷத்துல முதல் தடவை. நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை அளந்து பாருங்க, என்ன வந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.